ஏப்ரல் மூன்றாம் தேதி எல்போ

எங்கள் கடையின் சரக்குப் பட்டியலில் இரண்டு வருடமாக "3-ஏப்ரல் எல்போ" என்று ஒரு சாமான் இருந்தது. பிவிசி குழாய் வியாபாரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் யோசித்தால் பிடித்துவிடுவார்கள். முக்கால் இஞ்ச் எல்போதான். கணக்கு பார்க்கும் அம்மணி எக்செல்லில் 3/4 என்று அடித்தது. எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டது. அதே கதியில் அரை இஞ்ச் டீ "1-பிப்ரவரி டீ" ஆயிற்று. கடைப் பையன்கள் சீக்கிரமே பழகிவிட்டார்கள். "அண்ணா, ஏப்ரல் மூணு தீந்துருச்சுங்க, பிப்ரவரி ஒண்ணு ரெண்டு பாக்கெட்தான் கெடக்குது" என்று குடோனிலிருந்து குரல் வரும். வாசலில் நிற்கும் விவசாயி, உள்ளே ஏதோ சீட்டுக் கம்பெனி நடக்கிறது என்று நினைத்திருப்பார்.

நான் அதைத் திருத்தவில்லை. சோம்பல் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, ஏப்ரல் மூன்று என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்பதுதான். முதலாளிக்குத் தெரிந்தால் போதாதா?

பின்னாளில் ஓர் ஆறுதல் கிடைத்தது. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழுவுக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. மார்ச்1, செப்ட்1 என்று பெயர் கொண்ட மரபணுக்களை எக்செல் தேதிகளாக்கிவிட, அந்தத் தேதிகள் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பட்டியல்களுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டன. 2020-ல் அவர்கள் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். அத்தனை பெரிய படிப்பாளிகளே இறங்கி வந்தபோது, கொங்கு நாட்டுச் சிற்றூரில் மோட்டாரும் குழாயும் விற்கும் நான் எம்மாத்திரம் என்று தம்பியிடம் சொன்னேன். "அவங்க மாத்துனாங்கல்ல, நீங்க மாத்துலியே" என்றான்.

தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடை என் பொறுப்பு. குடோன் சின்னவன் பொறுப்பு. நடுவில் அரைக் கிலோமீட்டர் தூரம். இரண்டும் ஒரே வியாபாரம்தான் என்பது அப்பாவுக்கும் வருமான வரி அலுவலகத்துக்கும் மட்டும் தெரிந்த ரகசியமாக இருந்தது. கடையில் பில் போட ஒரு மென்பொருள். கணக்கு எழுத டேலி. குடோன் இருப்புக்குச் சின்னவனின் எக்செல். 2017 ஜூலை முதல் ஜிஎஸ்டி போர்ட்டல். அப்புறம் பேங்க் கணக்கும், கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒட்டிய கியூஆர் அட்டையும். ஆக ஐந்து. ஐந்தும் ஒன்றோடொன்று பேசாது. ஐந்து பேர் ஒவ்வொருவரோடும் நேரடியாகப் பேச வேண்டுமானால் பத்துக் கம்பி இழுக்க வேண்டும். எங்கள் கடையில் அந்தப் பத்துக் கம்பியும் நானே. ஒன்றில் பார்த்து இன்னொன்றில் அடிப்பேன், அல்லது அம்மணியை அடிக்க வைப்பேன். ராத்திரி ஒன்பதரைக்குக் கடை சாத்திய பிறகும் ஒரு மணி நேரம் இந்த உத்தியோகம் நடக்கும். வீட்டுக்கு வந்து, "நானில்லாட்டி அந்தக் கடை ஒரு நாள் ஓடாது" என்று பெருமையாகச் சொல்வேன். அது கடையைப் பற்றிய புகார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கம்பி எங்கெங்கே அறுந்தது என்று வரிசையாகச் சொன்னால் பத்திரிகையில் இடம் பற்றாது. முக்கியமானவற்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

குழாய்க் கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் எழுதுவார்கள். 63 எம்எம் என்று பில்லில் இருப்பதை எங்கள் பக்கத்து விவசாயி ரெண்டு இஞ்ச் என்பார். 75 எம்எம் ரெண்டரை. 90 எம்எம் மூணு இஞ்ச். சரக்கு இறங்கும் இடத்தில் இருக்கும் சின்னவன், கம்பெனி பில்லைப் பார்த்து எம்எம் என்றே ஏற்றுவான். வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கும் நான் இஞ்ச் என்று ஏற்றுவேன். இரண்டு பேருமே சரி. அதனால் ஒரே பால் வால்வு எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளாக, இரண்டு பெயரில் வளர்ந்தது. ஒரு தை மாதம் ரெண்டு இஞ்ச் பால் வால்வு தீர்ந்துபோனதாக என் திரை சொன்னது. பதறிப்போய் பத்துப் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தேன். லாரி குடோனில் போய் நின்றபோது சின்னவன் போன் பண்ணினான். "அண்ணா, இந்த 63 எம்எம்மை எங்க அடுக்கறதுங்க? ஏற்கெனவே பன்னெண்டு பெட்டி கெடக்குது." நான் சொன்ன பதில்: "அது 63 எம்எம். நான் கேட்டது ரெண்டு இஞ்ச்." சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. அந்த இருபத்திரண்டு பெட்டி விற்றுத் தீர அடுத்த சித்திரை ஆயிற்று. அதில் முடங்கிய பணத்துக்கு பேங்கில் ஓவர்டிராஃப்ட் வட்டி கட்டிக்கொண்டிருந்தவனும் நானே.

அடுத்தது 2022 ஜூலை. நீர்மூழ்கி மோட்டார், பம்புகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக ஏறியது. ஜூலை 18 முதல் அமல். எனக்குத் தெரியாமல் போகவில்லை. இரண்டு வாரம் முன்பே தெரியும். டீக்கடையில் நாலு பேருக்கு விளக்கம்கூடக் கொடுத்தேன். 17-ஆம் தேதி ராத்திரியே உட்கார்ந்து கடை மென்பொருளில் மாற்றினேன். டேலியிலும் மாற்றினேன். குடோனிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது, அவசரத்துக்குச் சின்னவன் அதில் பில் போடுவான் என்பது மட்டும் மறந்துவிட்டது. ஒன்பது நாள், பதினேழு மோட்டார், பன்னிரண்டு சதவீதத்தில் போயின. ஆடி பிறந்து மழை பிடித்திருந்ததால் பதினேழோடு தப்பித்தோம். அந்த பில்கள் டேலிக்கு வந்தபோது தொகை ஒட்டவில்லை. அம்மணி என்னிடம் கேட்டது. நான் மும்முரமாக இருந்தேன். "இப்போதைக்கு அனாமத்துல போடு அம்மணி" என்றேன்.

அனாமத்துக் கணக்கு என்பது, எங்கே சேர்ப்பது என்று புரியாத தொகையைத் தற்காலிகமாக வைக்கும் இடம். எங்கள் கடையில் அது தற்காலிகமில்லை. ஒட்டுத் திண்ணை மாதிரி நிரந்தரம். வந்து படுத்த தொகைகள் எழுந்து போனதே கிடையாது. ஆடிட்டர் வருட முடிவில் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வித்தியாசம் 22,440 ரூபாய். விவசாயிகளிடம் போய், "போன ஆடியில் வாங்கின மோட்டாருக்கு இன்னும் ஆறு சதவீதம் தர்றீங்களா" என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை. கையிலிருந்து கட்டினோம். அந்த மென்பொருளின் பெயரே டேலி. என் கணக்கு மட்டும் ஒரு நாளும் டேலி ஆனதில்லை என்று ஆடிட்டர் ஒரு ஜோக் அடித்தார். அவர் எல்லாரிடமும் அடிக்கும் ஜோக்காக இருக்கும். ஆனாலும் எனக்குச் சுட்டது.

2023 ஆகஸ்டில் மின் விலைப்பட்டியல், அதாவது இ-இன்வாய்ஸ், ஐந்து கோடிக்கு மேல் விற்றுவரவு உள்ளவர்களுக்கும் கட்டாயமாயிற்று. நாங்கள் கோட்டுக்கு மேலே கொஞ்சம் தலையை நீட்டிக்கொண்டிருந்தோம். இனி வியாபாரிகளுக்குப் போகும் ஒவ்வொரு பில்லையும் அரசின் பதிவுத் தளத்துக்கு அனுப்பி, அங்கிருந்து 64 எழுத்தில் ஓர் எண்ணும் கியூஆர் கோடும் வாங்கி, பில்லில் அச்சடித்துத்தான் கொடுக்க வேண்டும். கடை மென்பொருளையும் அந்தத் தளத்தையும் இணைத்துத் தருகிறோம் என்று அப்போதே ஆள் வந்தார்கள். எதற்குத் தண்டச் செலவு என்று நான் பதினோராவது கம்பியானேன். கடையில் ஒரு தடவை, தளத்தில் ஒரு தடவை, டேலியில் ஒரு தடவை, ஆக ஒரே பில்லை மூன்று முறை அடித்தோம்.

இங்கே முருகன் வந்தார். எங்கள் பக்கம் பழனிக்குப் பக்கம். முருகன் பெயரில் மட்டும் எங்களுக்குப் பதினோரு வியாபாரிகள் உண்டு. வேலன், செந்தில், தண்டபாணியெல்லாம் தனிக்கணக்கு. தாராபுரத்து முருகனுக்குப் போட வேண்டிய பில்லை உடுமலை முருகனுக்குப் போட்டுவிட்டேன். ஜிஎஸ்டி எண்ணில் ஒரு எழுத்து பிசகினால் தளமே பிடித்துவிடும், கடைசி எழுத்து அதற்கென்றே வைத்த சரிபார்ப்பு. ஆனால் நான் பிசகில்லாத எண்ணைப் பிசகான ஆளுக்குப் போட்டிருந்தேன். அதை எந்த இயந்திரம் பிடிக்கும்? தளத்தில் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். நான் மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன். அப்புறம் கிரெடிட் நோட், புதிய பில், இரண்டு முருகன்களுக்கும் தனித்தனியாக மன்னிப்பு. உடுமலைக்காரர் மட்டும், "இருக்கட்டுங்க, அவுரு சரக்கையும் எனக்கே அனுப்பீருங்க" என்றார்.

அன்றைக்குத்தான் இறங்கி வந்தேன். கோயமுத்தூரிலிருந்து ஒரு பையன் வந்தான். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால், ஏதாவது ஒரு சாமானின் இருப்பைச் சொல்லுங்கள் என்றான். மூணு இஞ்ச் ஃபுட் வால்வு என்றேன். கடை மென்பொருள் பதினான்கு என்றது. டேலி ஒன்பது. சின்னவனின் எக்செல் இருபத்திரண்டு. பையன் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிவிட்டு, "இதுல எது நிசமுங்கண்ணா?" என்று மரியாதையாகக் கேட்டான். "இரு, நானே போய் எண்ணிட்டு வர்றேன்" என்று வீராப்பாகக் குடோனுக்குப் போனேன். பதினேழு இருந்தது. திரும்பி வந்து சொன்னபோது, பையன் நாலாவது எண்ணாக அதையும் எழுதிக்கொண்டான். அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நன்றாகப் படித்த பையன்.

இணைப்பதற்கு முன் சரக்குப் பட்டியலைச் சுத்தம் செய்தாக வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றான். பணம் கொடுத்த பிறகு பொறுமை ஏது? "சுத்தமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, இன்னிக்கே கனெக்ட் பண்ணீருங்க" என்றேன். ரெண்டு தடவை எச்சரித்தான். மூன்றாம் தடவை, எழுத்தில் கொடுங்கள் என்றான். வாட்ஸ்அப்பில் கொடுத்தேன். அந்த மெசேஜை அவன் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறான் என்று கேள்வி.

குழாய் கம்பெனி பில்லில் மீட்டரில் வரும். நாங்கள் லென்த் கணக்கில் விற்போம். ஒரு லென்த் ஆறு மீட்டர். விவசாயிக்கு அது இருபதடி. நிஜத்தில் பத்தொன்பது அடி எட்டு அங்குலம்தான், மீதி நாலு அங்குலத்தைப் பற்றி எங்கள் தொழிலில் யாரும் பேசுவதில்லை. இணைத்த மறுநாள் 600 மீட்டர் வந்து இறங்கியது. கம்பெனி பில் நேராக உள்ளே ஏறியது. யாரும் அடிக்கவில்லை, அப்படியொரு சுகம். திரையில் 600 லென்த். போர்வெல் போடும் ஒருவர் போனில் 150 லென்த் கேட்டார். "நூத்தம்பதா, முன்னூறு வேணும்னாலும் இருக்குதுங்க" என்றேன். இருந்தது நூறு. மீதி ஐம்பதை எதிர்க்கடையில், சில்லறை விலைக்கு, துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் வாங்கினேன். முன்பு ஒரு தப்பைச் செய்ய எங்களுக்கு மூன்று நாள் ஆகும். இப்போது மூன்று நொடி.

அதே வாரம் இன்னொன்று. குழாயில் "6 கிலோ" என்றால் அது தாங்கும் அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு. நாலு கிலோ, ஆறு கிலோ, பத்து கிலோ என்றுதான் கேட்பார்கள். பையனுடைய உதவியாளர் அதை எடை என்று எடுத்துக்கொண்டு, அளவு இருக்கும் கட்டத்தில் கிலோ என்று மாற்றிவிட்டார். மூன்று பில்லில் நாங்கள் குழாயை நிறுத்து விற்றதாகப் பதிவாகியிருக்கிறது. இதில் என் தப்பு எதுவுமில்லை என்று சொல்ல ஆசைதான். பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள், நான் பார்க்காமல் சரி என்றேன்.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். நானும் சின்னவனும் ஐந்து வாரம், தினம் மத்தியானம் இரண்டு மணி நேரம், எதிரெதிரே உட்கார்ந்தோம். அப்பா காரியத்துக்குப் பிறகு அத்தனை நேரம் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. 4,180 பெயர்கள் இருந்தன. எம்எம்மா இஞ்சா என்று மூன்று நாள் சண்டை. கடைசியில் பையன்தான் வழி சொன்னான்: சாமானுக்கு ஒரே குறியீட்டு எண், மேலே யார் எந்தப் பெயரில் தேடினாலும் அதுவே வரட்டும். ஒரு லென்த் ஆறு மீட்டர் என்று ஒரு தடவை எழுதி வைத்தால் போதும். முடித்தபோது 4,180 பெயர்களுக்குள் 2,760 சாமான்தான் இருந்தது. மீதி ஆயிரத்து நானூற்றுச் சொச்சமும் எங்கள் இருவரின் கற்பனை. ஐந்து மென்பொருளையும் ஒன்றோடொன்று கட்டவில்லை. நடுவில் ஒரு பொதுப் பட்டியலை வைத்து எல்லாவற்றையும் அதோடு மட்டும் பேச வைத்தான். பத்துக் கம்பி ஐந்தாயிற்று.

இதன் லாபத்தைப் பற்றி விற்க வந்தவர்கள் பெரிய பெரிய வார்த்தையாகச் சொன்னார்கள். நான் கண்டது வேறு மாதிரி. ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி, எங்களுக்குச் சரக்கு விற்றவர்கள் எந்தெந்த பில்லைக் கணக்கில் காட்டினார்கள் என்று போர்ட்டலில் ஜிஎஸ்டிஆர்-2பி வரும். 2022 ஜனவரியிலிருந்து, அவர்கள் அந்த பில்லைக் காட்டியிருந்தால்தான் அதற்குரிய உள்ளீட்டு வரி எங்களுக்குக் கிடைக்கும். முன்பெல்லாம் அதை அச்சடித்து, ஸ்கேலை வைத்து வரி வரியாக அம்மணி ஒப்பிடும். 20-ஆம் தேதி கெடு வரைக்கும் இழுக்கும். ஒருவர் ஐந்து மாதம் பில்லைக் காட்டாமலே இருந்தார், நானும் அவருக்குச் சுளையாகப் பணத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இப்போது 14-ஆம் தேதி சாயங்காலமே விடுபட்ட பில்கள் சிவப்பில் நிற்கின்றன. பணம் அனுப்புவதற்கு முன்னால் போன் போகிறது. அம்மணி ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிறது. முன்பு ஒன்பதே முக்கால் கடைசி பஸ். அதைத் தவறவிட்டால் நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட வேண்டும், அவர்கள் அம்மா வாசலில் நின்று என்னைப் பார்க்கும் பார்வையையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சரி, இனித்தான் உண்மையான ஒப்புதல்.

பில், வரவு, பேங்க் எல்லாம் ஒன்றானதும், யார் எத்தனை நாளாகப் பாக்கி என்பது கூப்பிடாமலே வந்து நின்றது. தொண்ணூறு நாள் தாண்டியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தானாக நினைவூட்டல் போகும் வசதி உண்டு என்று பையன் சொன்னான். "எல்லாருக்கும் போகட்டுமா, பாத்து விடலாமா?" என்றான். "எல்லாருக்கும்" என்றேன். வியாபாரத்தில் பாரபட்சம் கூடாது என்று ஒரு வசனமும் பேசினேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு என் சம்பந்திக்கு மெசேஜ் போயிருக்கிறது. மகளின் மாமனார். கிணற்றுக்கு மோட்டார் எடுத்துப் போனபோது அவர் பணத்தை எடுக்க, "அதுக்கென்னங்க சம்பந்தி, மெதுவாக் குடுங்க, எங்க போகுது" என்று கையைப் பிடித்துத் தடுத்தவன் நான். 38,450 ரூபாய், 94 நாள், உடனே செலுத்தவும், ஏற்கெனவே செலுத்தியிருந்தால் இத்தகவலைப் பொருட்படுத்த வேண்டாம். ஆறு நாற்பதுக்குப் பணம் வந்துவிட்டது. அவர் எனக்குப் போன் பண்ணவில்லை. என் மனைவிக்குப் பண்ணினார். அந்த வாரம் வீட்டில் எனக்குக் கிடைத்த சாப்பாட்டைப் பற்றி எழுத மாட்டேன்.

அதே பட்டியலில் இன்னொரு பெயரும் இருந்தது. என் பெயர். என் தோட்டத்துக்கு இரண்டு வருடத்தில் ஒரு மோட்டார், நாற்பது லென்த் குழாய், கணக்கற்ற எல்போக்கள் எடுத்துப் போயிருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக பில் போட்டேன், அந்த அளவுக்கு யோக்கியன். பணம் கட்டவில்லை, இந்த அளவுக்கும் யோக்கியன். பில் கடை மென்பொருளில், வரவு டேலியில், சரக்கு குறைந்தது எக்செல்லில் என்று மூன்று இடத்தில் சிதறிக் கிடந்தபோது அது யார் கண்ணிலும் படவில்லை. இத்தனை வருடம் இணைப்பு வேண்டாம் என்று நான் சொன்னதற்குச் செலவு மட்டும்தான் காரணமா என்று என்னையே கேட்டுக்கொண்டால், பதில் அனாமத்துக் கணக்கில்தான் போகும். சின்னவன் எதுவும் பேசவில்லை. பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்து, "அண்ணா, உங்களுக்கும் தொண்ணூறு நாள் தாண்டீருச்சு போலிருக்குதுங்க" என்றான். அன்றைக்கே கட்டினேன். கியூஆர் அட்டையை நானே ஸ்கேன் பண்ணினேன். என் பணம் வந்து சேர்ந்துவிட்டதாகப் பக்கத்திலிருந்த சவுண்ட் பாக்ஸ் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னது.

இப்போது கடையில் எனக்கு வேலை குறைவு. திரையைக் குறை சொல்லக் காரணம் தேடுவதே வேலை. போன மாதம் பித்தளை கேட் வால்வு, ரெண்டரை இஞ்ச், பன்னிரண்டு என்று திரை காட்டியது. நான் சொல்லாமல் கொள்ளாமல் குடோனுக்குப் போய் எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். பதினொன்றேதான். எத்தனை நாள் ஆயிற்று இப்படி ஒரு சந்தோஷம்! "டேய், இங்க வா, உன் கம்ப்யூட்டர் பொய் சொல்லுது" என்று கத்தினேன். சின்னவன் வந்தான், என் விரல்கள் எண்ணுவதைப் பொறுமையாகப் பார்த்தான். பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டினான். காற்றுக்குக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அதன் கீழே ஒரு வால்வு முட்டுக் கொடுத்திருந்தது. உள்ளே வரும்போது அதை அங்கே காலால் தள்ளி வைத்தவன் நான்தான்.